'எரியும் பனிக்காடு' நாவலில் காடு

பி.எச். டேனியல் 1969ல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவலை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தவர் இரா. முருகவேள். பாலாவின் 'பரதேசி' (2013) படம் இதைத் தழுவியதுதான். படம் பார்த்தாச்சே என்று தில்லி அன்பர்கள் புத்தகத்தை விட்டுவிட வேண்டாம்.

திருநெல்வேலிச் சீமைக் கருப்பனும் வள்ளியும் 1920களில் மேஸ்திரி தந்த முன்பணத்தை நம்பி ஆனைமலை ஏறுகிறார்கள். நான் ஆயுசெல்லாம் பேரேட்டோடு வாழ்ந்தவன். அடி உதையைவிட என்னை உலுக்கியது அந்தக் கணக்குத்தான். அதற்கு இவ்வளவு, இதற்கு இவ்வளவு என்று பிடித்தது போக, உழைத்தவன் பேரிலேயே பாக்கி நிற்கிறது! பற்றும் வரவும் ஒருவனே எழுதினால் எந்தக் கடன் தீரும்? இந்த இடங்களில் டேனியலுக்கு நிகரில்லை.

ஆனால் ஒரு குறை. நாவலில் காடு என்றால் குளிர், அட்டை, காய்ச்சல். மனுஷனைத் தின்னும் இடம். டேனியல் அந்தத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர் என்பதால் இது எனக்கு இன்னும் உறுத்துகிறது. நம் மலைகளில் மலேரியாவைப் பரப்பிய முக்கியமான கொசு இனம் வெயில் படும் ஓடையோரங்களில் பெருகுவது. நிழல் மூடிய சோலையை வெட்டி, ஓடையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, சமவெளி ஜனங்களைக் கூட்டிவந்து லயன் வீடுகளில் நெருக்கி அடைத்தால் காய்ச்சல் பரவாமல் என்ன செய்யும்? பழி காட்டின் தலையில் விழுந்துவிட்டது. அங்கே முன்பே வாழ்ந்த காடர்கள் பட்ட பாடு தனிக்கதை.

இலங்கையிலும் இப்படித்தான். காப்பிக்காகக் கண்டி மலைக்காடு அழிந்தது. 1869ல் தலைகாட்டிய இலைத்துரு நோயில் காப்பி படுத்தது. அதே சரிவுகளில் தேயிலை ஏறிற்று. அங்கே உழைத்த நம்மவர்கள் 1948ல் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில், நாம் குடியிருக்கும் இதே தில்லியில், சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியாவின் பங்காக ஒதுக்கினார்கள். அவர்களைக் கேட்டவர் யார்?

திரும்பி வந்தவர்களுக்கு வேலை வேண்டுமே. தமிழக அரசு 1968ல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியது. இன்று 'டான்டீ' என்கிறோமே, அதுதான். அதற்கும் காட்டு நிலம்தான். வெள்ளைக்காரன் போய் இருபது வருஷம் ஆகியும் வேறு வழி தோன்றவில்லை. டேனியலின் புத்தகம் அச்சேறிய காலத்தில் கூடலூர்ப் பக்கம் மறுபடி மரம் விழுந்துகொண்டிருந்தது.