பாட்டுக்குப் பதில் சொல்ல முடியுமா?

பாட்டுக் கேட்டே ஒரு மொழியைக் கற்றுக்கொள்ளலாம் என்ற பேச்சு இப்போது எல்லா இடத்திலும் அடிபடுகிறது. பிடிஎஸ் கேட்டு கொரியன் வந்தது, அனிமே பாட்டுக் கேட்டு ஜப்பானியம் வந்தது என்கிறார்கள். சொல்கிறவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு ஏதோ ஒன்று வந்திருக்கிறது. வந்தது எது, வராமல் போனது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை.

இதை வெறும் பொழுதுபோக்குக் கேள்வியாக நான் பார்க்கவில்லை. கோவையில் நர்சிங் முடித்த பிள்ளைகள் ஜெர்மன் வகுப்புக்குப் போவதைப் பார்க்கிறேன். ஜெர்மனியில் நர்ஸாக அங்கீகாரம் வாங்கப் பொதுவாக பி2 நிலை கேட்கிறார்கள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகளாகத் தேர்வு. கட்டணத்துக்காக நகையை அடகு வைக்கும் வீடுகளும் உண்டு. அப்படிப் படிக்கிற ஒரு பிள்ளையிடம், "கிளாஸெல்லாம் எதுக்கு, தினம் நாலு ஜெர்மன் பாட்டுக் கேளு, தானா வந்துரும்" என்று ஒரு உறவினர் சொன்னால் என்ன ஆகும்? ஆறு மாசம் கழித்து மொழி வந்திருக்காது. தனக்குத்தான் காதும் மூளையும் போதவில்லை என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். அதனால்தான் இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் ஊரிலேயே நடக்கிற சோதனை

இதற்கான சோதனையை நாம் ரொம்ப காலமாக நடத்திக்கொண்டிருக்கிறோம். தியாகராஜர் (1767–1847) திருவையாற்றில் வாழ்ந்தார். காவிரிக்கரையில், தமிழ் பேசும் ஊரில் இருந்துகொண்டு பெரும்பாலும் தெலுங்கில் பாடல்கள் செய்தார். அன்றிலிருந்து இன்றுவரை எத்தனை தலைமுறைத் தமிழர்கள் அவற்றைக் கற்றிருக்கிறார்கள், பாடியிருக்கிறார்கள், மார்கழிக் கச்சேரிகளில் கேட்டிருக்கிறார்கள்! ஒரே கீர்த்தனையை நூறு முறை கேட்டவர்கள் உண்டு. பாட்டுக் கேட்டாலே மொழி வரும் என்றால், தஞ்சாவூரிலும் மயிலாப்பூரிலும் பாதிப் பேர் இந்நேரம் தெலுங்கில் சரளமாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை.

இது புதுக் கவலையும் இல்லை. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1943-ல் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கியபோது அந்த இயக்கத்தின் கேள்விகளில் ஒன்று இதுதான்: பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் சொல் புரியாமல் எதற்குப் பாட்டு? கல்கி போன்றவர்கள் இதற்காக விடாமல் எழுதினார்கள். அந்த விவாதத்தில் நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நில்லுங்கள். ஆனால் அந்தக் கேள்வி எழுந்ததே, கேட்டுக் கேட்டும் மொழி வரவில்லை என்பதற்குச் சாட்சி.

இன்னொரு சோதனை எங்கள் உக்கடத்தை ஒட்டிய கோட்டைமேட்டில் நடக்கிறது. சின்னப் பிள்ளைகள் மதரஸாவில் குர்ஆன் ஓதக் கற்கிறார்கள். ஓதுதலை யாரும் இசை என்று சொல்வதில்லை. காதால் கேட்டு வாயால் திருப்பிச் சொல்லி ஒலியைப் பிடிக்கும் முறை என்ற அளவில் மட்டும் இதை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அந்த முறையின் துல்லியம் அசரவைக்கும். தஜ்வீத் விதிகளில் ஓர் உயிரொலியை எத்தனை அளவு நீட்ட வேண்டும் என்பதற்கே கணக்கு இருக்கிறது. சாதாரண நீட்டல் இரண்டு அளவு, சில இடங்களில் ஆறு அளவு வரை. தமிழில் இல்லாத தொண்டை ஒலிகளைப் பத்து வயதுப் பிள்ளை சுத்தமாகச் சொல்லும். ஆனால் பொருளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டும். ஆலிம் ஆகப் படிப்பவர்களுக்கு நஹ்வு, ஸர்ஃபு என்று இலக்கணம் தனிப் பாடமாகவே இருக்கிறது. ஓதக் கற்பித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. ஒலிக்கு ஒரு வகுப்பு, பொருளுக்கு இன்னொரு வகுப்பு.

என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரு புரோகிராமின் பைனரி கோப்பை ஒரு பிட் பிசகாமல் நகல் எடுக்கலாம். அதனால் அதன் சோர்ஸ் கோடு நமக்குத் தெரிந்துவிட்டதாக ஆகாது.

ஒலியாவது முழுசாக வருகிறதா?

ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினால் வருகிறது. ஹெட்போனில் தனியாகக் கேட்டால் அவ்வளவு நிச்சயம் இல்லை. நம் காது தனக்குப் பழகிய மொழியின் கட்டங்களில்தான் எல்லாவற்றையும் போட்டு வைக்கும். தமிழ் எழுத்தில் அச்சான கீர்த்தனைப் புத்தகங்களைப் பாருங்கள். க-வுக்குப் பக்கத்தில் பொடியாக 2, 3, 4 என்று போட்டிருப்பார்கள். நம் எழுத்தில் ஒரே க, அங்கே நான்கு ஒலி. அந்த எண்ணைப் பார்க்காமல் காதை மட்டும் நம்புகிறவருக்கு நான்கும் இரண்டாகவோ ஒன்றாகவோ சுருங்கிவிடும்.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். 2000-ல் வந்த 'பெண்ணின் மனதைத் தொட்டு' படப் பாட்டு ஒன்றுக்கு, 2007-ல் ஓர் அமெரிக்கர் தன் காதில் விழுந்தபடி ஆங்கில வரிகளைப் போட்டு யூடியூபில் ஏற்றினார். 'பென்னி லாவா' என்ற பெயரில் அது உலகம் முழுக்கச் சுற்றியது. அவர் செய்தது கேலிதான். ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. தமிழே தெரியாத காதில் தமிழ்ப் பாட்டு விழுந்தபோது அங்கே உருவானது ஆங்கிலம்.

போதாக்குறைக்கு, பாட்டு மொழியின் அளவையே மாற்றுகிறது. தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வித்தியாசம் பொருளையே மாற்றிவிடும். 'படு' வேறு, 'பாடு' வேறு. ஆனால் மெட்டுக்குத் தேவைப்பட்டால் குறிலும் நீளும். இதைக் கண்டுபிடிக்க நவீன மொழியியல் தேவைப்படவில்லை. எழுத்துகளுக்கு மாத்திரை சொன்ன தொல்காப்பியரே, இசையில் அந்த அளவு தாண்டிப் போகும் என்று நூன்மரபின் கடைசியில் குறித்துவிட்டுத்தான் நகர்கிறார். மொழி தெரிந்தவனுக்கு அந்த நீட்டல் அழகு. தெரியாதவனுக்கு அது தப்பான அளவுகோல்.

லிப்டில் பாடிய காதலன்

இந்த விஷயத்தில் சினிமாக்காரர்கள் நம்மைவிடத் தெளிவு. பாலசந்தரின் 'ஏக் துஜே கே லியே' (1981) படத்தில் கமல் ஒரு தமிழ்ப் பையன், இந்தி தெரியாது. காதலிக்கோ தமிழ் தெரியாது. இருவரும் லிப்டில் நிற்கும்போது வரும் பாட்டு முழுக்க இந்திப் படங்களின் பெயர்களைக் கோத்துக் கட்டியது. இந்தி தெரியாத சினிமா ரசிகனிடம் எந்த அளவுக்கு இந்தி இருக்கும் என்பதை இதைவிடச் சரியாகக் காட்ட முடியாது. கைநிறையப் பெயர்கள் உண்டு, சொந்தமாக ஒரு வாக்கியம் கிடையாது. ஒரு நாள் காதலைச் சொல்ல அது போதும். ஒரு குடும்பத்தோடு பேசப் போதாது. அதனால்தான் கதையிலும், பிரிந்திருக்கும் காலத்தில் சந்தியா என்ற பெண் அவனுக்கு உட்கார்ந்து இந்தி சொல்லித்தருகிறாள்.

அவனுக்குக் குரல் கொடுத்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. அது அவருடைய முதல் இந்திப் படம். மொத்தம் நான்கு மொழிகளில் ஆறு தேசிய விருதுகள் வாங்கியவர். அவர் தமிழில் நம்மோடு மணிக்கணக்காகப் பேசியதைக் கேட்டிருக்கிறோம். அந்தத் தமிழ், இந்த ஊரில் மனிதர்களோடு வாழ்ந்து வந்த தமிழ். ஒரு மொழியில் விருது வாங்கும் அளவுக்குப் பாடுவதும், அந்த மொழியில் ஆட்டோக்காரரிடம் வழி கேட்பதும் வேறு வேறு திறமைகள்.

ஆய்வு என்ன சொல்கிறது?

'பாட்டால் மொழி வரும், ஆராய்ச்சியே சொல்கிறது' என்பவர்கள் பெரும்பாலும் காட்டுவது எடின்பரோ பல்கலைக்கழகத்தில் லட்கே, ஃபெரேரா, ஓவரி ஆகியோர் செய்த ஆய்வை (2014). 60 பேருக்கு 15 நிமிடம் ஹங்கேரிய மொழியின் சிறு தொடர்களைக் கற்பித்தார்கள். ஒரு குழு பேசி, ஒரு குழு தாளத்தோடு சொல்லி, ஒரு குழு பாடிக் கற்றது. ஹங்கேரியத்தில் திருப்பிச் சொல்லச் சொன்னபோது பாடியவர்கள் முந்தினார்கள். நல்ல ஆய்வு. ஆனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அங்கே யாரும் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை, வாய்விட்டுப் பாடினார்கள். ஒவ்வொரு தொடருக்கும் ஆங்கிலத்தில் பொருள் கூடவே கொடுக்கப்பட்டது. சோதித்தது கற்ற தொடர்களின் நினைவைத்தான், புதிதாக ஒரு வாக்கியம் அமைக்கும் திறனை இல்லை. 'பொருள் தெரிந்து பாடினால் நினைவில் நிற்கும்' என்ற முடிவு, கைமாறிக் கைமாறி 'பாட்டுக் கேட்டால் மொழி வரும்' என்று ஆகிவிட்டது.

பிடிஎஸ் நிறுவனமே 2020-ல் ரசிகர்களுக்கு கொரியன் பாடங்கள் வெளியிட்டபோது, அந்தப் பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வீடியோத் துண்டுகளை வைத்துத்தான் பாடம் அமைத்தது. உலகமே கேட்கும் பாட்டு கையில் இருந்தும் பாடத்துக்கு எடுத்தது பேச்சை.

உக்கடத்தில் இறங்கினால்

நம் மொழியை வைத்துத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஜெர்மன்காரர் பத்து வருஷம் தமிழ்ப் படப் பாட்டு மட்டுமே கேட்டுத் தமிழ் கற்றுவிட்டு உக்கடம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறார் என்று வையுங்கள். நிலா, மலர், கண்மணி, உயிர், நெஞ்சம் எல்லாம் அவருக்குத் தெரியும். சில்லறை, படிக்கட்டு, 'பொள்ளாச்சி பஸ் எங்க நிக்குதுங்க' தெரியாது. அதைவிட முக்கியம், அவருக்குத் தெரிந்த முன்னிலை 'நீ' ஒன்றுதான். நம் காதல் பாட்டில் எல்லாரும் 'நீ'. கடவுளும் 'நீ'. கொங்கு நாட்டிலோ 'ங்க' இல்லாமல் பேச்சே நகராது. ஏனுங்க, வாங்க, சரிங்க, இல்லீங்க. பெற்ற பிள்ளையையே 'வாங்க கண்ணு' என்று கூப்பிடும் ஊர் இது. அறுபது வயது கண்டக்டரைப் பார்த்து "நீ எங்கே போகிறாய்?" என்று அவர் கேட்டால், இலக்கணப்படி வாக்கியம் சரி. ஆனால் கேட்டவர் முகம் சுளிப்பார்.

ஜெர்மனிலும் இதே கதைதான். நெருக்கமானவர்களுக்கு 'டு', மரியாதைக்கு 'ஸீ'. பாட்டில் பெரும்பாலும் 'டு'. ஆஸ்பத்திரியில் வயதான நோயாளியிடமும் டாக்டரிடமும் வேண்டியது 'ஸீ'. கொரியனிலோ வினைச்சொல்லின் முடிவே ஆளுக்கு ஆள் மாறும்.

நான் இதைத்தான் சொல்ல வருகிறேன். பாட்டு ஒருவர் பேச்சு. காதலியிடமோ கடவுளிடமோ தன்னிடமோ ஒருவர் சொல்லிக்கொண்டே போகிறார். டூயட்டில்கூட நமக்கென்று ஒரு வரி கிடையாது. எதிரே இருப்பவர் யார், அவருக்கு வயசு என்ன, அவர் கேட்டதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்பதில்தான் மொழியின் பாதி வேலை நடக்கிறது. பாட்டு நம்மிடம் எதுவும் கேட்பதில்லை, நாமும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் பாட்டு வேஸ்டா?

கிடையவே கிடையாது. உக்கடத்திலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் பாலக்காடு. 'பிரேமம்' (2015) சென்னையிலேயே 200 நாட்களைத் தாண்டி ஓடியது. அதற்கப்புறம் மலையாளப் பாட்டுக் கேட்டே ஓரளவு மலையாளம் புரிந்துகொண்டவர்கள் இங்கே உண்டு. காரணம், பாதி மொழி ஏற்கெனவே நமக்குள் இருக்கிறது. புரிவதற்குச் சற்று மேலே இருப்பதைக் கேட்டால்தான் மொழி உள்ளே இறங்கும் என்பது ஸ்டீபன் கிராஷன் என்ற மொழியியலாளரின் வாதம். தமிழருக்கு மலையாளம் அந்தப் படியில் இருக்கிறது. அங்கேயும் 'வெள்ளம்' என்றால் தண்ணீர் என்று யாராவது சொல்லித்தர வேண்டும். ஜெர்மன் முதல் மாசத்தில் அந்தப் படியில் இல்லை. ஒரு வருஷம் படித்தபின் வரலாம்.

ஆகவே ஜெர்மன் படிக்கிற பிள்ளைகளுக்கு என் யோசனை இதுதாங்க. வகுப்பை விடாதீர்கள். வாரம் ஒரே ஒரு பாட்டு எடுங்கள். முதலில் வரிகளைப் படித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு கேளுங்கள், வாய்விட்டுப் பாடுங்கள். கடைசியாக ஒரு வரியை எடுத்து ஆளை மாற்றுங்கள், 'நீ'யை 'நீங்கள்' ஆக்குங்கள். நடந்ததை நடக்கப்போவதாகச் சொல்லுங்கள். கேள்வியாக்கி, அதற்குப் பதிலும் சொல்லுங்கள். இதைச் செய்ய முடிந்தால் அந்த வரி உங்களுடையது. முடியவில்லை என்றால் மெட்டு மட்டும்தான் வந்திருக்கிறது. அதில் உங்கள் காதையோ மூளையையோ குறை சொல்ல எதுவும் இல்லை. பாட்டு தர வேண்டியதைத் தந்துவிட்டது. மிச்சத்தை எதிரே உட்கார்ந்து பேசும் ஓர் ஆளிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.