செரிமான உறுப்புகளின் தமிழ்ப் பெயர்கள்: ஒரு மதிப்பீடு

1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், உடற்கூறியலை ‘அங்காதிபாதம்’ எனவும் உடலியங்கியலைச் ‘சுகரணம்’ எனவும் வழங்கினார். வடமொழி சார்ந்த அச்சொற்கள் வழக்கொழிந்தன. இன்றைய பாடநூற் சொற்கள் எளியவை; எளிமை மட்டுமே தெளிவாகுமா என்பதே இங்கு எழும் வினா.

முன்சிறுகுடல், இடைச்சிறுகுடல், பின்சிறுகுடல் என்பன உறுப்புகளின் வரிசையைத் தாமே உணர்த்துகின்றன. பன்னிரு விரலளவைக் குறிக்கும் ‘டியோடினம்’, வெறுமையைக் குறிக்கும் ‘ஜெஜுனம்’ ஆகிய பெயர்களில் அவ்வரிசை இல்லை. இரும்புச்சத்து பெரிதும் முன்சிறுகுடலிலும், வைட்டமின் பி12 பின்சிறுகுடலின் இறுதியிலும் உறிஞ்சப்படுவதை நினைவிற்கொள்ளத் தமிழ்ப்பெயர்களே துணைபுரிகின்றன.

மாறாக, ‘குடல்வால்’ மயக்கம் தருகிறது. வால் என்றதும் இறுதி என்னும் எண்ணம் எழும். அவ்வுறுப்போ பெருங்குடல் தொடங்குமிடத்தில், பெரும்பாலும் வலப்புற அடிவயிற்றில் அமைந்துள்ளது. கல்லீரல், மண்ணீரல் இரண்டும் ‘ஈரல்’ என முடியினும் பித்தநீரைச் சுரப்பது முன்னது மட்டுமே; பின்னது செரிமானச் சுரப்பி அன்று. பேச்சுவழக்கில் ‘வயிறு’ இரைப்பையையும் அடிவயிற்றையும் ஒருங்கே சுட்டும்.

2020இல் நடைமுறைக்கு வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, தமிழ்வழியில் பயின்ற அரசுப்பள்ளி மாணவருக்குச் சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிகளின் கதவையும் திறந்தது. அவர்கள் தமிழில் அறிந்த உறுப்பை ஆங்கிலத்தில் மீளக் கற்கின்றனர். சொல் தரும் மயக்கம் தேர்வோடு முடிவதன்று. ‘வயிற்றுவலி’ என வரும் நோயாளிவரை தொடரும். எனவே, கலைச்சொல்லைத் தூய்மையால் மட்டுமன்றி, உறுப்பின் இருப்பிடத்தையும் செயலையும் அது தெளிவுறுத்தும் திறத்தாலும் மதிப்பிடுதல் வேண்டும்.