குற்றம் மென்பொருளுடையதா?

பொறியியல் தோல்விகளைப் பற்றிய கட்டுரைகளில் ஒரு கதை திரும்பத் திரும்ப வருவதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். ஏர்பஸ் நிறுவனம் ஏ-380 என்னும் இரட்டைத்தள விமானத்தைக் கட்டியபோது ஜெர்மனியில் ஒரு மென்பொருட் பதிப்பும் பிரான்சில் வேறொரு பதிப்பும் இருந்தனவாம். அதனால் மின்கம்பிகள் நீளம் போதாமற் போயினவாம். விமானம் இரண்டாண்டு தாமதமாயிற்றாம். சொல்லச் சுருக்கமாகவும் கேட்கச் சுவையாகவும் இருப்பதால் இக்கதை எங்கும் பரவிவிட்டது. ஆனால் இது பாதி உண்மையே. பழியை முழுவதும் மென்பொருளின் தலையில் சுமத்தும் இப்போக்கை ஏற்க இயலாது என்பதே என் கருத்து.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். ஏ-380இன் முன், பின் உடற்பகுதிகள் ஹாம்பர்க் நகரில் உருவாகி, கப்பலிலும் படகிலும் சாலை வண்டியிலும் பயணம் செய்து, பிரான்சின் துலூஸ் நகரில் ஒன்றுசேர்க்கப்பட்டன. ஒரு விமானத்துக்குள் ஓடும் கம்பிகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 530 கிலோமீட்டர். கம்பிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சம். இணைப்பிகள் ஏறத்தாழ 40,000. ஹாம்பர்க்கிலிருந்து வந்த கம்பித் தொகுதிகளைத் துலூஸில் பொருத்த முயன்றபோது பல இடங்களில் அவை எட்டவில்லை. நூற்றுக்கணக்கான ஜெர்மன் தொழிலாளர் துலூஸுக்கு வந்து தங்கி, கம்பிகளைப் பிரித்துக் கையால் மீண்டும் இழுத்துப் பொருத்த நேர்ந்தது. 2005 ஏப்ரல் 27இல் முதன்முதலாகப் பறந்த இவ்விமானம், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்திடம் 2007 அக்டோபர் 15இல்தான் ஒப்படைக்கப்பட்டது. இடையில் 2006 ஜூன் மாதம் மேலும் தாமதம் என்று அறிவித்தவுடன், தாய் நிறுவனமான இ.ஏ.டி.எஸ்.இன் பங்கு விலை ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் சரிந்தது. அடுத்த மாதம் ஏர்பஸ் தலைவர் குஸ்டாவ் ஹும்பர்ட்டும் இ.ஏ.டி.எஸ். இணைத்தலைவர் நோயெல் ஃபோர்ஷாரும் பதவி விலகினர். 2007 பிப்ரவரியில் 10,000 வேலைகளைக் குறைக்கும் திட்டம் வெளியாயிற்று. அதற்கு வேறு காரணங்களும் உண்டெனினும் இத்தாமதம் அவற்றுள் முக்கியமானது.

இனி அந்த மென்பொருளைக் கவனிப்போம். அதன் பெயர் காட்டியா. தசோ சிஸ்டம்ஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் படைப்பு. ஹாம்பர்க்கில் இருந்தது நான்காம் பதிப்பு. துலூஸில் ஐந்தாம் பதிப்பு. ஐந்து என்றதும் நான்கைச் சற்றே திருத்திய வடிவம் என்று எண்ணிவிடக் கூடாது. 1990களின் இறுதியில் அடித்தளத்திலிருந்து புதிதாக எழுதப்பட்டது அது. நான்கின் தம்பி அன்று. அடுத்த வீட்டுப் பிள்ளை எனலாம்.

ஒரு வடிவமைப்புக் கோப்பில் உண்மையில் என்ன இருக்கிறது? படம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் ஒரு செய்முறை. 100 மில்லிமீட்டர் கனசதுரம் ஒன்றை எடு. அதில் 10 மில்லிமீட்டர் துளையிடு. விளிம்பை 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுக்கு என்பது போன்ற கட்டளைகளின் வரிசையும், அவற்றால் விளைந்த வடிவமும் சேர்ந்ததே கோப்பு. வேறொரு பதிப்புக்கு மாற்றும்போது பெரும்பாலும் வடிவம் மட்டுமே போய்ச் சேருகிறது. செய்முறை வழியில் உதிர்ந்துவிடுகிறது. வெந்த இட்லியைக் கொடுத்து உப்பைக் குறைக்கச் சொன்னால் எப்படி? துளையை 12 மில்லிமீட்டர் ஆக்கவேண்டுமானால், பெற்றுக்கொண்டவர் பழைய துளையை அடைத்துப் புதிதாக வரைய வேண்டியதுதான்.

வடிவமாவது பழுதின்றிப் போகிறதா என்றால், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு 0.1 மில்லிமீட்டர் என்றும், திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர் என்றும் படித்திருப்பீர்கள். முதற்கருவிக்கு ஒட்டியிருப்பதாகத் தோன்றும் இரு தகடுகளுக்கிடையே இரண்டாம் கருவி இடைவெளி காட்டக்கூடும். மென்பொருள்களுக்கும் இத்தகைய மீச்சிற்றளவு உண்டு. இரண்டு பரப்புகளின் விளிம்புகள் எவ்வளவு நெருங்கினால் அவை ஒட்டியவை என்று கொள்வது என்பதை ஒவ்வொன்றும் தனக்கென வரையறுத்துக்கொள்கிறது. ஒன்றுக்கு மூடிய பெட்டியாக இருந்த பொருள், மற்றொன்றுக்கு ஓட்டைப் பெட்டியாகத் தெரிவது இதனால்தான்.

ஏ-380இல் இன்னொரு பௌதிகக் காரணமும் சேர்ந்துகொண்டது. எடையைக் குறைப்பதற்காகப் பல இடங்களில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பிகளைப் பயன்படுத்தினர். அலுமினியத்தின் மின்தடை எண் செம்பினதைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு, அடர்த்தியோ மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு. எனவே அதே மின்தடைக்குக் கம்பி தடிக்க வேண்டும். தடித்தும் எடை பாதியாகவே இருக்கும். ஆதாயம்தான். ஆனால் தடித்த அலுமினியக் கம்பியைச் செம்பைப்போல் இறுக்கி வளைக்க இயலாது. அது சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். வளைவு ஆரத்தின் விதி கணிப்பொறி மாதிரியில் சரியாக இடம்பெறாவிட்டால் திரையில் எட்டும் கம்பி விமானத்தில் எட்டாது.

ஆக, பதிப்பு வேறுபாடு உண்மைதான். ஆயினும் நிறுவனமே 2006 அக்டோபரில் அளித்த விளக்கத்தை நினைவுகூர்வது நல்லது. மின்கம்பிகளுக்கான முப்பரிமாணக் கணிப்பொறி மாதிரியைக் காலந்தாழ்த்திப் புகுத்தினோம், அதில் பணியாற்றியவர்கள் இன்னும் கற்கும் நிலையிலேயே இருந்தனர் என்பதே அதன் சாரம். இது மென்பொருளின் மீதான குற்றச்சாட்டு அன்று, நிர்வாகத்தின் ஒப்புதல். எல்லா நிலையங்களிலும் ஒரே கருவி என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் மனிதர்கள். புதிய பதிப்புக்கு மாறப் பணமும் பயிற்சியும் வேண்டும். ஒவ்வொரு நிலையமும் தன் பழக்கத்தை விட மறுக்கும். அந்த மனவருத்தத்தைத் தொடக்கத்திலேயே ஏற்றிருந்தால் செலவு சிறிதாக இருந்திருக்கும்.

அதற்காக மென்பொருள் செய்வோரை முற்றிலும் விடுவிக்கவும் நான் தயாரில்லை. அவர்கள் அமைத்திருப்பது ஒருவழிக் கதவு. புதிய பதிப்பு பழைய கோப்பைத் திறக்கும். பழையது புதியதைத் திறக்காது. இதை நீங்களே ஒரு சிறு சோதனையால் காணலாம். ஆட்டோகேட் வரைபடக் கோப்பு ஒன்றின் நகலை எளிய எழுத்துத் தொகுப்பானில் திறந்து பாருங்கள். புரியாத குறிகள் நிறைந்திருப்பினும் முதல் ஆறு எழுத்துகள் தெளிவாகத் தெரியும். ஏ.சி.1015 என்றால் 2000ஆம் ஆண்டுப் பதிப்பின் அமைப்பு, ஏ.சி.1021 என்றால் 2007, ஏ.சி.1032 என்றால் 2018. பழைய பதிப்பு தனக்குத் தெரியாத எண்ணைக் கண்டால் மேலே படிப்பதில்லை. புதிய வசதிகளைப் பழைய நிரல் அறியாது என்பது நியாயமான விளக்கம். ஆனால் உள்ளே இருப்பது வெறும் நேர்கோடும் வட்டமும் ஆனாலும் கதவு திறக்காது என்பதை நியாயம் என்று சொல்ல முடியாது.

பொது அமைப்பு ஒன்றில் சேமித்தால் தீர்ந்தது என்பார் உளர். 1980இல் ஐஜெஸ் வந்தது. 1994இல் ஸ்டெப் என்னும் பன்னாட்டுத் தரம் வெளியாயிற்று. இவை பயனுள்ளவை. எனினும் பொதுவாக இவையும் கொண்டு சேர்ப்பது வெந்த இட்லியையே, செய்முறையை அன்று. ஸ்டெப்பின் சிறப்பு வேறொன்றில் இருக்கிறது. அனுப்புவோர் தம் பொருளின் கனஅளவு, பரப்பளவு, பொருண்மை மையம் ஆகியவற்றை எண்களாகக் கோப்பிலேயே எழுதிவைக்கலாம். பெறுவோர் தம் மென்பொருளைக் கொண்டு அவற்றைத் திரும்பக் கணக்கிட்டு ஒப்பிடுவர். எண்கள் ஒத்துவராவிட்டால் வழியில் ஏதோ சிதைந்துவிட்டது என்று பொருள். பல பத்தாண்டுகள் பறக்கும் விமானங்களின் வரைபடங்களைக் காத்துவைக்க விமானத் தொழிலார் வகுத்த லோட்டார் நெறிமுறையும் இத்தகைய சரிபார்ப்பையே நம்பியிருக்கிறது.

கம்பிக்குப் பொருண்மை மையம் பார்த்துப் பயனில்லை. அதற்குத் தேவை இரண்டே எண்கள். ஒன்று நீளம், மற்றொன்று வழியில் உள்ள மிகச் சிறிய வளைவு ஆரம். ஒரு லட்சம் கம்பிகளுக்கு இரண்டு லட்சம் எண்கள். அவற்றை ஒப்பிடுவது கணிப்பொறிக்குச் சில விநாடி வேலை.