பச்சைக் கறிப் பங்கு

ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகைக்கு முதன்முதலாகக் கீழக்கரைக்குப் போனபோது எனக்கு 10 வயது. எங்கள் ஊர் ஹனஃபி மத்ஹபு (சட்ட வழி) ஊர். முதல் ரக்அத்தில் (தொழுகைச் சுற்றில்) கூடுதல் தக்பீர், அதாவது ‘அல்லாஹு அக்பர்’, 3. அங்கே மூன்று முடிந்தும் இமாம் ஓதத் தொடங்கவில்லை, ஏழுவரை போனார். அடுத்த ரக்அத்தில் ஓதுவதற்கு முன்பே ஐந்து. “இமாம் எத்தனை சொல்றாரோ, அத்தனையும் நாம சொல்லணும்டா” என்றார் அத்தா.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரையோர ஊர்கள் பெரும்பாலும் ஷாஃபி வழி; உள்நாட்டு ராவுத்தர் ஊர்கள் ஹனஃபி. தந்தையை ‘வாப்பா’ என்றழைக்கும் கரையோர வீடும் ‘அத்தா’ என்றழைக்கும் ராவுத்தர் வீடும் குர்பானியில் (பெருநாள் பலியில்)தான் அதிகம் பிரிகின்றன. ஹனஃபி வழியில், நிஸாப் (குறைந்தபட்சச் செல்வ வரம்பு) அளவு பொருளுள்ள ஒவ்வொருவர்மீதும் அது வாஜிப் (கட்டாயம்). வெள்ளிக் கணக்கில் 612 கிராம் மதிப்பு. அம்மாவின் நகை அதைத் தாண்டியதால் எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு ஆடு. ஷாஃபி வழியில் அது வலியுறுத்தப்பட்ட சுன்னத் (நபிவழி). வீட்டில் ஒருவர் கொடுத்தாலே குடும்பத்துக்கு நிறைவேறிவிடும். அறுக்கும் நாள் ஹனஃபிக்கு துல்ஹஜ் 10 முதல் 12 வரை; ஷாஃபிக்கு 13 வரை.

சந்தையில் அத்தா ஆட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பார். பால்பல் விழுந்து முன்னால் இரண்டு பெரிய பல் முளைத்திருக்க வேண்டும். வெள்ளாட்டுக்கு 1 வயது நிறைந்தால் எங்களுக்குப் போதும். ஷாஃபி வீட்டார் 2 வயது கேட்பார்கள். கண் போனது, நொண்டுவது, எலும்பும் தோலுமாய் மெலிந்தது இரு வழியிலும் ஆகாது.

வீட்டுக்கு, உறவுக்கு, ஏழைக்கு என்று கறியை மூன்றாகப் பிரிப்பது பரவலான வழக்கம். ஷாஃபி சட்டம் இன்னொன்றையும் கட்டாயமாக்குகிறது: ஏழைக்கு ஒரு பகுதியேனும் பச்சைக் கறியாகவே போய்ச் சேர வேண்டும், ஆக்கி விருந்து வைத்தால் அது ஈடாகாது. மத்ஹபு வேறானாலும் என் மனம் தங்கிய சட்டம் இதுதான். பந்தியில் உட்கார்ந்தவர் நாம் ஆக்கியதைத்தான் சாப்பிட முடியும். பச்சைக் கறி வாங்கியவர் தன் அடுப்பில், தன் பிள்ளைக்குப் பிடித்த பக்குவத்தில் ஆக்குவார். அவர் வீட்டிலும் பெருநாள் மணக்கும். விருந்தாளிக்கும் ஒரு தட்டு வைப்பார்.

அறுப்பவருக்குத் தோலையோ கறியையோ கூலியாகக் கொடுக்கக் கூடாது. கூலி தனிக் காசு. தோல் மதரஸாவுக்குப் போகும். தோல் விலை சரிந்த பிறகு அதோடு கொஞ்சம் பணமும் சேர்த்தே அனுப்புகிறோம்.

ஃபிரிட்ஜ் இல்லாத அந்நாளில், வீட்டுப் பங்கில் மிஞ்சியதை மஞ்சளும் உப்பும் தடவி, நூலில் கோத்து, உப்புக்கண்டமாக மொட்டைமாடியில் காயப்போடுவார் அம்மா. அதெல்லாம் மறுநாள் வேலை. பெருநாளன்று முதலில் ஏழைகளுக்கான கறிப் பொட்டலங்கள். தெருக்கோடி வீட்டுப் பொட்டலத்தில் ஈரலும் நெஞ்செலும்பும் சேர்ந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்த பிறகே எங்கள் உலையில் அரிசி விழும்.