வண்டிக்குள் ஒரு பொய்த்தளம்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு மண்பாதைகளில் ஓடும் லேண்ட் க்ரூசர், பிராடோ போன்ற வண்டிகளில், மூன்றாம் வரிசை இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பின்பகுதியில் பலகைத் தளம் ஒன்று அமைப்பதுண்டு. கீழே இழுவைப் பட்டை, ஷேக்கிள், கம்ப்ரசர். மேலே குளிர்பெட்டி, படுக்கை.

அளவெடுப்பதுதான் பாதி வேலை. சக்கர வளைவுகளின் ஓரத்தில் நேர்கோடு என்பதே கிடையாது. அதனால் முதலில் அட்டையை வெட்டிப் பொருத்திப் பார்த்து, அந்த வடிவத்தைப் பலகைக்கு மாற்றுவர். அடிச்சட்டங்கள் நெருக்கமாக இருந்தால் 12 மி.மீ. ப்ளைவுட் போதும். 18 மி.மீ. போடுவது பெரும்பாலும் வீண் பாரம். எட்டுக்கு நாலடிப் பலகை ஒன்றே ஏறத்தாழ 30 கிலோ வரும்.

பிணைப்பில்தான் கைத்திறனின் நேர்மை தெரியும். மெல்லிய தகட்டில் முடுக்கிய திருகாணி, மோதலின்போது முன்னோக்கிப் பாயும் சுமையைத் தாங்காது. இருக்கைகள் நின்ற போல்ட் துளைகளிலேயே சட்டத்தை முடுக்குவது நல்லது. புதுத்துளை இடுவதானால், அடியில் எரிபொருள் தொட்டி இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட வேண்டும்.

மேலே விரிப்பு ஒட்டினால் சாமான் வழுக்காது, கடகடப்பும் அடங்கும். ஜாக்கி இருக்கும் இடத்துக்குக் கீல் வைத்த மூடி தேவை; அதன்மேலேயே குளிர்பெட்டியைப் பூட்டிவைக்கும் புத்திசாலிகளும் உண்டு.