வெப்பநிலை காட்டாத படம்

நைட்ரஜன் சுழற்சி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது ஒரு படமாகத்தான் இருக்கும். மேலே மின்னல், நடுவே மாடு, கீழே அவரைச் செடியின் வேர், சுற்றிலும் அம்புகள். தேர்வில் தவறாமல் மதிப்பெண் வாங்கித் தரும் இந்தப் படத்தின்மேல் இயற்பியல் ஆசிரியனான எனக்கு ஒரு குறை உண்டு. அதில் எங்கும் வெப்பநிலை இல்லை. சுங்குவார்சத்திரத்து நெல்வயலுக்கும் வடதுருவத்துத் தூந்திர நிலத்துக்கும் ஒரே படம்!

உறைந்த மண்ணில் பாக்டீரியாக்கள் உறங்கிவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 டிகிரி குறைந்தால் உயிரினச் செயல்களின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்று கொள்வோம். நம் மண்ணின் 30 டிகிரி செல்சியஸிலிருந்து 0 டிகிரிக்கு இறங்கினால் வேகம் எட்டில் ஒரு பங்காகும். எட்டில் ஒன்று பூஜ்யம் ஆகாதே! தூந்திரத்தின் குளிர்காலமோ எட்டு, ஒன்பது மாதம் நீள்கிறது.

நீர் உறைந்தபின் வேலை எப்படி நடக்கும்? 0 டிகிரியில் மண்ணின் நீர் முழுவதும் உறைந்துவிடுவதில்லை. உப்புகள் கரைந்த நீரின் உறைநிலை தாழ்கிறது. களிமண் துகளை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலமும் எளிதில் பனிக்கட்டி ஆவதில்லை. மேலே மூடிய வெண்பனி, கம்பளிபோல் மண்ணின் வெப்பத்தைக் காக்கிறது. அந்தப் படலத்தில்தான் பாக்டீரியாக்கள் இறந்த பாசியையும் வேரையும் சிதைத்து அம்மோனியத்தை வெளிவிடுகின்றன. மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைந்துபோக, நல்லெண்ணெய் உறையாதிருப்பதைக் கண்டிருப்பீர்கள். நல்லெண்ணெயில் மிகுந்துள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களே இவற்றின் செல் சவ்வையும் இளக்கமாக வைத்திருக்கின்றன. கனடாவின் துருவப் பகுதி உறைமண்ணில் கிடைத்த ‘பிளானோகாக்கஸ் ஹாலோகிரையோஃபிலஸ்’ உப்பு மிகுந்த ஊடகத்தில் -15 டிகிரியிலும் பெருகுவதாக 2013-இல் அறிவித்தார்கள்.

‘குளிர்விரும்பி’ என்ற சொல்லையும் நாம் தாராளமாகவே வழங்குகிறோம். 1975-இல் மோரிட்டா வகுத்த இலக்கணப்படி, 15 டிகிரியிலோ அதற்குக் கீழோ செழித்து, ஏறத்தாழ 20 டிகிரிக்கு மேல் வளராததே குளிர்விரும்பி. ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த சிவாஜி குழுவினர், அண்டார்க்டிக்காவின் ஷிர்மாக்கர் பகுதி மண்ணிலிருந்து எடுத்து 1992-இல் விவரித்த ‘ஸ்பிங்கோபாக்டீரியம் அண்டார்க்டிகஸ்’ கூட குளிர்தாங்கி என்றே வகைப்படுத்தப்பட்டது. தாங்குவது வேறு, விரும்புவது வேறு அல்லவா?

இனி, செடிக்குப் போகும் அம்பைப் பாருங்கள். ‘நைட்ரேட்’ என்று மட்டும் அதன்மேல் எழுதியிருக்கும். ஆனால் அலாஸ்காவின் தூந்திரத்தில் வளரும் பஞ்சுக்கோரை, நைட்ரேட்டுக்குக் காத்திராமல் அமினோ அமிலங்களையே நேராக உறிஞ்சிக்கொள்கிறது என்று 1993-இல் கண்டார்கள். குளிரில் சிதைவு மெதுவாக நடப்பதால், கிடைத்ததை அது முன்னதாகவே எடுத்துக்கொள்கிறது.

அலாஸ்கா தொலைவில் இருக்கிறது என்பீர்கள். சுங்குவார்சத்திரத்தைச் சுற்றித் தொழிற்சாலைகளுக்கு இடையே எஞ்சியிருக்கும் வயல்களுக்கு வாருங்கள். நீர் நிற்கும் வயலில் நெல் பெரும்பாலும் அம்மோனியத்தையே எடுத்துக்கொள்கிறது. நைட்ரேட்டாக மாறிய பங்கு, ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றுக்குள் இறங்கியதும் மீண்டும் வாயுவாகிக் காற்றில் போய்விடுகிறது. உழவர் காசு கொடுத்து வாங்கிய யூரியாவில் ஒரு பகுதி இப்படியும் தொலைகிறது. யூரியாவை மேலே தூவாமல் சேற்றின் ஆழத்தில் இடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.