மூலத்துக்கு விசுவாசம், யாருக்குத் துரோகம்?

செல்பேசிச் செயலி வெளிவருமுன் நடக்கும் சோதனைகளில் ஒன்று, திரை வரைந்து கொடுத்தபடியே இருக்கான்னு பார்ப்பது. ஃபிக்மா போன்ற கருவியில் வரைந்ததன்மேல் திரையின் படத்தை வைத்து நிறம், இடைவெளி, எழுத்தளவு பொருந்துகிறதா என்று சரிபார்க்கிறார்கள். பொருந்தினால் 'பாஸ்'. வேண்டிய வேலைதான். ஆனால் அந்த வரைபடத்துக்கு 'மூலம்' என்ற அதிகாரத்தை யார் தந்தது என்பதே என் கேள்வி.

வரைபடம் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களோடு பிறக்கிறது. 'சப்மிட்'டின் ஆறு ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' உட்கார வேண்டும். பெட்டியின் உயரம் பத்தாவிட்டால் மெய்யின் புள்ளி வெட்டுப்படும். 'கல்' என்பது 'கல' ஆகும். இதைவிட ஆபத்தானது வால் அறுபடுவது. ஆங்கிலத்தில் 'நாட்' முன்னால் வந்துவிடுகிறது. நம் மொழியில் மறுப்பு வினையின் கடைசியில் நிற்கிறது. 'பணம் அனுப்பப்படவில்லை' என்பது இடம் போதாமல் 'பணம் அனுப்பப்பட...' என்று நிற்கும். நாமக்கல்லில் ஒரு லாரிக்காரர் வாடகை வந்துடுச்சுன்னு நம்பி வண்டியை எடுத்தால் நட்டம் அவருக்குத்தான். சோதனை அறிக்கையிலோ நிறமும் இடைவெளியும் சரி.

இதைத் தொழில்நுட்பத்தின் இயல்பு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கட்டம் போட்ட தாளில் வரைந்து, அட்டையில் துளையிட்டு, துணியில் உருவம் எடுப்பது 1804இல் பிரான்சில் ஜக்கார்டு செய்த வழி. சேலத்தை அடுத்த இளம்பிள்ளையின் சேலைத் தறிகளுக்கும் இது பழகிய வழிதான். அங்கே கேட்டுப் பாருங்க. ஊடை நெருக்கம் கூடினால் தாளில் வட்டமாயிருந்த புட்டா சேலையில் நசுங்கிவிடும். கட்டத்துக்குக் கட்டம் அட்டை சரியாகவே இருக்கும், சேலைதான் தப்பு. அப்போது திருத்துவது தாளை. இன்ன நூல், இன்ன நெருக்கம் என்று கணக்குப் போட்டு மறுபடி வரைகிறார்கள். தாள் அங்கே ஒரு கட்டளைக் குறிப்பு. தீர்ப்புச் சொல்வது துணி.

செயலியில் இந்த உறவு தலைகீழாகக் கிடக்கிறது. வாசிப்பவரின் மொழி ஒரு 'பிழை'யாகப் பதிவாகிறது, வரைபடம் கேள்விக்கு அப்பால் நிற்கிறது. பிரதியில் மையம், விளிம்பு என்று இவ்வளவு காலம் பேசிய நாம் உள்ளங்கைத் திரையையும் பிரதியாக வாசிக்க வேண்டும். கேட்க வேண்டியது ரொம்பப் பெரிசும் இல்லை: முதல் வரைபடத்திலேயே நீளமான தமிழ்ச் சொற்களைப் போட்டு வரையட்டும். சரிபார்ப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருக்கட்டும். 'வரைபடமே தப்பு' என்று திருப்பி அனுப்பும் உரிமையும் அவருக்கு இருக்கட்டும்.